பழைய கார் இஞ்சினில் காயில், பிளக் வயர் சோதனை

பெட்ரோல் இஞ்சினில் கலவையைப் பற்றவைக்கும் பொறி 12 வோல்ட் பேட்டரியில் புறப்பட்டு, பல ஆயிரம் வோல்ட்டாக வளர்ந்து பிளக் முனையில் தாவுகிறது. மின்னழுத்தத்தை அவ்வளவு உயர்த்துவது இக்னிஷன் காயில். உயர்ந்ததை வழியில் சிந்தாமல் சிலிண்டருக்குக் கொண்டுசேர்ப்பது பிளக் வயர். இவ்விரண்டின் நலத்தை அறியும் முறைகளை, பாயிண்ட்டும் கண்டென்சரும் டிஸ்ட்ரிபியூட்டரும் கொண்ட பழைய அமைப்பை முதன்மையாக வைத்து இக்கட்டுரை விளக்குகிறது. அம்பாசடர், ஃபியட் 1100, ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவை இவ்வகையின் இந்திய முகங்கள். எடுத்துக்காட்டுக் களம் தில்லியின் மோதி பாக். கோடையில் கொதித்து, குளிர்காலத்தில் மூடுபனியில் நனைந்து, பெட்ரோலோடு சி.என்.ஜி.யையும் கார்களுக்கு ஊட்டிய நகரம் அது. காயிலின் குறைகளும் வயரின் குறைகளும் இத்தனை விதமாக வெளிப்படும் ஊர்கள் இந்தியாவில் அதிகம் இல்லை.

களமும் கார்களும்

மோதி பாக் தென்மேற்குத் தில்லியில் ரிங் ரோட்டை ஒட்டிய பகுதி. மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகளால் பெயர் பெற்றது. குருத்வாரா மோதி பாக் சாஹிப் இங்குள்ளது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்றும் இங்கு இயங்குகிறது. சென்னையிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் மாற்றலாகி வந்த குடும்பங்கள் அறிந்த பெயர் இது. அரசு அலுவலகங்களின் வெள்ளை அம்பாசடர்கள் பல பத்தாண்டுகள் இத்தெருக்களின் அன்றாடக் காட்சியாக இருந்தன.

அம்பாசடரை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் வங்காளத்தின் உத்தர்பாராவில் 1950களின் கடைசியிலிருந்து 2014 மே வரை தயாரித்தது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரிலிருந்து பிறந்த வண்டி. நெடுங்காலம் அதைச் சுமந்தது 1,489 கன செ.மீ. கொண்ட பி.எம்.சி. இஞ்சின். ஃபியட் 1100, பின்னாளில் பிரீமியர் பத்மினி, பம்பாய் குர்லாவில் உருவானது. ஹெரால்டு சென்னைக்காரர். பற்றவைப்பு உறுப்புகளிலும் சென்னைக்குப் பங்குண்டு: 1961இல் தொடங்கப்பட்ட பாடியின் லூகாஸ்-டி.வி.எஸ். ஆலையிலிருந்து காயிலும் டிஸ்ட்ரிபியூட்டரும் நாடெங்கும் சென்றன. பிளக் என்றால் பெங்களூரின் மைக்கோ.

இயக்கம்

காயிலுக்குள் ஓர் இரும்பு உள்ளகத்தின் மேல் இரண்டு செப்புச் சுற்றுகள் இருக்கின்றன. முதன்மைச் சுற்று தடித்த கம்பியில் சில நூறு சுற்று. இரண்டாம் சுற்று மயிரிழைக் கம்பியில் பல்லாயிரம் சுற்று. பாயிண்ட் எனும் தொடுமுனை ஸ்விட்ச் மூடியிருக்கும்போது முதன்மைச் சுற்றில் மின்னோட்டம் ஏறிக் காந்தப்புலம் கட்டுகிறது. பாயிண்ட் திறந்ததும் அந்தப் புலம் சரிகிறது. சரிவின் வேகமே இரண்டாம் சுற்றில் 20,000 வோல்ட்டையும் தாண்டக்கூடிய அழுத்தத்தைப் பிறப்பிக்கிறது. கண்டென்சர் இல்லாவிட்டால் பாயிண்ட்டிலேயே தீப்பொறி எழுந்து புலம் மெதுவாகச் சரியும், பிளக்கில் பொறி செத்துவிடும். அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் இந்த ஏற்பாட்டைக் காரில் நிலைநிறுத்தி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது. அடிப்படை மாறவில்லை.

நான்கு சிலிண்டர் இஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது விநாடிக்கு 100 பொறிகள் வேண்டும். ஒரு பொறிக்கான நேரம் 10 மில்லிவிநாடி. லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் மூடியிருப்பது ஏறத்தாழ 60 பாகை. அதாவது ஒரு சிலிண்டருக்குரிய 90 பாகையில் 60. ஆகவே காயில் நிரம்பக் கிடைப்பது ஏழு மில்லிவிநாடிக்கும் குறைவு. இந்தக் கணக்கை மனத்தில் வைத்தால், ஐட்லிங்கில் நன்றாக ஓடும் வண்டி வேகத்தில் மட்டும் தடுமாறுவது ஏன் என்பது விளங்கும்.

ஏமாற்றும் சோதனை

பட்டறைகளில் பரவலாகக் காணப்படும் வழக்கம் இது: பிளக்கைக் கழற்றி, வயரில் மாட்டி, இஞ்சின் மேல் கிடத்தி, ஸ்டார்ட்டரைச் சுற்றுவது. பொறி தெரிந்தால் ‘கரண்ட் வருகிறது, காயில் நல்லது’ என்று தீர்ப்பு. இந்தத் தீர்ப்பு பாதி மட்டுமே செல்லும். பிளக்கின் இடைவெளி 0.64 மி.மீ.; திறந்த காற்றில் அதைத் தாண்ட இரண்டு, மூன்றாயிரம் வோல்ட் போதும். சிலிண்டருக்குள் கலவை அழுந்தியிருக்கும் நேரத்தில் அதே இடைவெளிக்கு அதுபோல் பல மடங்கு தேவை. வாயுவின் அழுத்தம் கூடினால் பொறி தாவ வேண்டிய மின்னழுத்தமும் கூடும் என்பதை ஜெர்மன் இயற்பியலாளர் ஃபிரீட்ரிஷ் பாஷன் 1889இலேயே வகுத்துச் சொல்லிவிட்டார். சாகக் கிடக்கும் காயிலும் வெளியில் அழகாகப் பொறி காட்டும்.

நம்பத்தக்க மாற்று, இடைவெளியைக் கூட்டுவது. காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் நடு வயரை மூடியிலிருந்து உருவி, காப்பிட்ட பிடியால் பிடித்து, அதன் முனையை இஞ்சின் உலோகத்திலிருந்து 6 மி.மீ. தள்ளி வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். நீலமும் வெள்ளையும் கலந்த, ‘டக் டக்’ என்று காதில் விழும் பொறி தொடர்ந்து வந்தால் காயில் தேறியது. மஞ்சளும் சிவப்பும் கலந்து நூலாக இழையும் பொறி பலவீனத்தின் அடையாளம். வயரை மேலும் மேலும் விலக்கிப் பார்க்கும் விளையாட்டு வேண்டாம். பொறிக்கு வெளியே வழியில்லாவிட்டால் காயிலுக்குள்ளேயே காப்பை உடைத்து வழி தேடிக்கொள்ளும். இதற்கென அகன்ற இடைவெளியோடு விற்கும் சோதனைப் பிளக் கிடைத்தால் அதுவே மேல்.

தில்லிக்கு இன்னொரு சோதனை இலவசமாக வாய்த்தது. 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணைகளைத் தொடர்ந்து நகரின் பேருந்து, டாக்சி, ஆட்டோக்கள் சி.என்.ஜி.க்கு மாறின, சொந்தக் கார்கள் பலவற்றிலும் டிக்கியில் சிலிண்டர் ஏறியது. இயற்கை எரிவாயுவின் கலவையைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிட உயர்ந்த மின்னழுத்தம் வேண்டும். பெட்ரோலில் குறையேதும் காட்டாத வண்டி, ஸ்விட்சை கேஸுக்கு மாற்றியதும் மேம்பாலம் ஏறும்போது ‘மிஸ்ஸிங்’ கொடுத்தால், கேஸ் கிட்டைக் குறை சொல்லுமுன் வயரையும் காயிலையும் பார்ப்பது நலம். இரு எரிபொருள் வண்டியின் அந்த ஸ்விட்ச் உண்மையில் ஒரு சுமைச் சோதனைக் கருவி.

வயர்

வயர் சோதனை கண்ணிலும் மூக்கிலும் தொடங்குகிறது. வெடித்த உறை, எண்ணெயில் ஊறி மெத்தென்றான பகுதி, சைலன்சர் குழாயில் பட்டுக் கருகிய இடம், பச்சை பூத்த முனை, எலிப்பல்: எல்லாம் பகல் வெளிச்சத்திலேயே தெரியும். காப்பு உடைந்து மின்சாரம் சிந்தும் இடத்தில் ஓசோனின் கூரிய வாடை இருக்கும். இருட்டிய பின் பானெட்டைத் திறந்து இஞ்சினை ஓடவிட்டால் சிந்தும் இடங்கள் நீலமாக மினுக்கும். மினுக்கவில்லை என்றால் செடிக்குத் தெளிக்கும் பம்ப்பால் வயர்கள் மேல் மெல்லிய நீர்த்தூவல் போட்டுப் பார்க்கலாம். டிசம்பர், ஜனவரி மூடுபனிக் காலையில் வெட்டவெளியில் நின்ற வண்டிக்கு நீர்த்தூவலே தேவைப்படாது. காலையில் முரண்டு பிடித்து, பத்து மணி வெயிலில் ஒன்றும் நடவாததுபோல் ஸ்டார்ட் ஆகும் கார், சோதனையை ஏற்கெனவே நடத்தி முடித்துவிட்டது.

எந்தச் சிலிண்டர் என்று அறிய, இஞ்சின் ஓடும்போது காப்பிட்ட பிடியால் ஒவ்வொரு வயராகச் சற்று நேரம் பிரித்துப் பார்ப்பர். நல்ல சிலிண்டரின் வயரைப் பிரித்தால் இஞ்சின் வேகம் இறங்கும். செத்த சிலிண்டரில் மாற்றம் இராது. அதன்பின் அந்தச் சிலிண்டரின் வயரையும் பக்கத்துச் சிலிண்டரின் வயரையும் இடம் மாற்றிப் பொருத்த வேண்டும். நோய் வயரோடு போனால் வயர் குற்றவாளி. அதே சிலிண்டரில் தங்கினால் பிளக், மூடி, வால்வு என்று தேடல் வேறு பக்கம் திரும்பும். மீட்டர் எதுவும் இல்லாமல் கிடைக்கும் இந்தத் தெளிவு, பல மீட்டர் அளவுகளைவிட உறுதியானது. மாற்றும்போது வரிசை குழம்பக்கூடாது. அம்பாசடரின் பி.எம்.சி. இஞ்சினில் 1-3-4-2, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பொறியைப் பங்கிடும் ரோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றும்.

மீட்டருக்கு வருவோம். பழைய வண்டிகளோடு வந்த வயரில் உள்ளே செப்பு இழைகள். மின்தடை ஏறக்குறைய சுழியம். பிளக் தொப்பியில் இரைச்சல் அடக்கும் தடையம் இருந்தால் அதற்கென 5 கிலோ ஓம் போலச் சேரும். ரேடியோவில் இஞ்சினின் படபடப்பு கேட்காதிருக்கப் பின்னாளில் கார்பன் ஊட்டிய நூல் உள்ளகம் வந்தது. இது ஒரு மீட்டர் நீளத்துக்கு 10 முதல் 20 கிலோ ஓம் வரை காட்டுவது இயல்பு. நீளத்தோடு அளவு கூடும் என்பதால் நான்கு வயரும் ஒரே எண்ணைக் காட்டாது; மீட்டர் நீளத்துக்கு மாற்றிக் கணக்கிட்டபின் ஒப்பிட வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட இரு மடங்கு, மும்மடங்கு காட்டினால் அதை ஒதுக்கலாம். அளக்கும்போது வயரை மெல்ல வளைத்தும் நெளித்தும் பார்ப்பது முக்கியம். உள்ளே அறுந்த நூல் கிடந்த நிலையில் தொடர்பு காட்டி, நெளித்ததும் விட்டுவிடும்.

ஓம் மீட்டர் சில வோல்ட்டில் அளப்பது. வயர் பல ஆயிரம் வோல்ட்டில் வேலை செய்வது. உள்ளகம் தொடர்ந்து இருக்கிறதா என்பதை மட்டுமே மீட்டர் சொல்லும். உறையின் காப்புப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. இருட்டும் நீர்த்தூவலும் அதனால்தான் காலாவதி ஆகவில்லை.

பழைய லூகாஸ் மூடியைக் கொண்ட வண்டிகளில் ஒரு கண்ணி உண்டு. அவற்றில் வயர் பக்கவாட்டில் நுழையும். மூடிக்குள்ளிருந்து ஒரு கூர் திருகாணி வயரைக் குத்தி உள்ளகத்தைத் தொடும். செப்பு இழைக்கென வகுத்த ஏற்பாடு இது. அந்த மூடியில் கார்பன் நூல் வயரைச் செருகினால் திருகாணி நூலை விலகிப் போய்விடும். சிறு இடைவெளியில் பொறி பறந்து பறந்து நூல் கருகும். சில வாரம் நன்றாக ஓடி மறுபடி மிஸ்ஸிங் எடுக்கும் ‘புது வயர்’ வண்டிகளில் இதைத் தேட வேண்டும். இன்னொன்று: 1-3-4-2 வரிசையில் மூன்றும் நான்கும் அடுத்தடுத்து எரிகின்றன, பக்கத்திலும் இருக்கின்றன. அவற்றின் வயர்களை நெடுந்தூரம் ஒட்டிப் படுக்க வைத்தால் ஒன்றின் துடிப்பு மற்றதில் தூண்டப்பட்டு நேரமல்லா நேரத்தில் பொறி விழலாம். அழகுக்காக வயர்களைச் சேர்த்துக் கட்டுவோர் இதை எண்ணுவதில்லை.

காயில்

காயிலின் மின்தடையை அளக்க அதன் வயர்களைக் கழற்றிவிட வேண்டும். இரு சிறு முனைகளுக்கிடையே முதன்மைச் சுற்று: பேலஸ்ட் (காயிலோடு தொடராகக் கோத்த வெளித்தடையம்) இல்லாத 12 வோல்ட் காயிலில் 3 முதல் 3.5 ஓம், பேலஸ்ட் தடையத்தோடு ஓடும் வகையில் சுமார் 1.5 ஓம். இவ்வளவு சிறிய எண்ணை அளக்குமுன் மீட்டரின் இரு ஊசிகளையும் ஒன்றோடொன்று தொட்டு, அவற்றின் சொந்தத் தடையைக் கழிக்க வேண்டும். மலிவு மீட்டரில் அதுவே அரை ஓம் இருக்கும். சிறு முனைக்கும் நடுக்கோபுரத்துக்கும் இடையே இரண்டாம் சுற்று: பொதுவாக 5 முதல் 15 கிலோ ஓம், வகைக்கேற்ப. எந்த முனைக்கும் உலோக உடலுக்கும் இடையே தொடர்பே இருக்கக்கூடாது.

பேலஸ்ட் உள்ளதா என்பதை அறியாமல் காயில் மாற்றுவது கஷ்மீரி கேட் உதிரிபாகச் சந்தையில் வாங்கி வந்து பொருத்துவோர் செய்யும் பழைய பிழை. 1.5 ஓம் காயிலை நேரடியாக 12 வோல்ட்டில் கோத்தால் 8 ஆம்பியர் ஓடும். பாயிண்ட் தாங்குவது அதில் பாதி. பாயிண்ட் நீலம் பாய்ந்து கருகும், காயில் கையைச் சுடும். எதிர்த்திசையில், 3 ஓம் காயிலைப் பேலஸ்டோடு சேர்த்தால் பொறி மெலிந்து, வண்டி ஓடியும் ஓடாமலும் இருக்கும். எலெக்ட்ரானிக் பற்றவைப்புக்கென வரும், ஒரு ஓமுக்கும் குறைந்த காயிலைப் பாயிண்ட் வண்டியில் வைப்பது இன்னும் மோசம்.

குளிர்ந்த காயிலை அளந்து ‘சரி’ என்று சொல்லிவிட முடியாது என்பதுதான் தில்லிக் கோடை கற்பிப்பது. மோதி பாக்குக்கு அருகிலுள்ள சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தின் உச்சப் பதிவு 47.2 பாகை செல்சியஸ், 1944 மே 29. அந்த வெளிவெப்பத்தில் ரிங் ரோட்டு நெரிசலில் நிற்கும் காரின் பானெட்டுக்குள் காயில் 80 பாகையைத் தொடுவது எளிது. செப்பின் மின்தடை ஒரு பாகைக்குச் சுமார் 0.39 விழுக்காடு ஏறும். ஆகவே 20 பாகையில் 3.2 ஓம் காட்டிய முதன்மைச் சுற்று 80 பாகையில் 3.95 ஓம். மின்னோட்டம் 3.75 ஆம்பியரிலிருந்து 3 ஆம்பியர் அளவுக்கு இறங்கும். காந்தப்புலத்தில் சேரும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், பொறியின் வலு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. இது நல்ல காயிலின் கதை. உள்ளே காப்பு வார்னிஷ் நைந்த காயிலில் சூட்டில் சுற்றுகள் ஒன்றோடொன்று தொடும், ஆறியதும் விலகும். நின்றுபோன வண்டி அரைமணி நிழலில் இளைப்பாறியதும் கிளம்பி, அடுத்த சிக்னலில் மறுபடி நிற்கும். பட்டறைக்கு வந்து சேரும்போது காயில் ஆறியிருக்கும், மீட்டர் நற்சான்று கொடுக்கும்.

ஆதலால் சந்தேகக் காயிலைச் சூடாக இருக்கும்போதே, வண்டி நின்ற இடத்திலேயே அளக்க வேண்டும். தடை கணக்கிட்ட அளவுக்கு ஏறியிருந்தால் இயல்பு. ஏறாமல் இருந்தாலோ குறைந்திருந்தாலோ சுற்றுகள் குறுக்கே தொடுகின்றன. முடிவிலி காட்டினால் கம்பி அறுந்து, சூட்டில் வாய் பிளந்திருக்கிறது. ஈரத்துணியைக் காயில் மேல் சுற்றியதும் வண்டி ஓடினால் அதுவும் சான்றே. அப்போதும் பெட்ரோல் பம்ப்பில் ஆவி அடைத்துக்கொள்ளும் கோளாறு இதே வேடம் போடும் என்பதை மறக்கலாகாது. நின்ற கணத்தில் 6 மி.மீ. பொறி இருக்கிறதா இல்லையா என்பதே இரண்டையும் பிரிக்கும்.

சாவியைப் போட்டுவிட்டு இஞ்சினை ஓட்டாமல் வைத்திருப்பது காயிலைக் கொல்லும் சுருக்கமான வழி. பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் 12 வோல்ட்டும் 3.75 ஆம்பியரும் சேர்ந்து 45 வாட் வெப்பம் ஓயாமல் உள்ளே இறங்கும். ரேடியோ கேட்கச் சாவியை இக்னிஷன் நிலையில் விட்ட டிரைவர்களால் மாண்ட காயில்கள் ஏராளம். பழைய டப்பாக் காயில்களில் குளிர்ச்சிக்கும் காப்புக்கும் எண்ணெய் நிரப்பியிருக்கும். மூடித்தையலில் எண்ணெய் கசிந்திருந்தால் மீட்டர் என்ன சொன்னாலும் அது போகும் காயில்.

துருவம்

பிளக்கின் நடு முனை சூடானது. சூடான உலோகத்திலிருந்து எலெக்ட்ரான் எளிதில் கிளம்பும். எனவே நடு முனை எதிர்மின் துருவமாக இருந்தால் குறைந்த மின்னழுத்தத்தில் பொறி தாவும். காயிலின் இரு சிறு முனைகளை மாற்றிக் கோத்தால் துருவம் தலைகீழாகும். வண்டி ஓடும், ஆனால் குளிரிலும் ஏற்றத்திலும் தடுமாறும். 1960களின் நடுப்பகுதிவரை பிரிட்டிஷ் கார்கள் பலவும் நேர்முனையை உடலில் இணைத்திருந்தன. பின்னர் டைனமோ, ரேடியோ மாற்றத்தின்போது எதிர்முனைக்கு மாற்றியவர்கள் காயில் இணைப்பைத் திருப்பாமல் விட்டுவிட்ட கார்கள் இன்றும் அகப்படுகின்றன. பழைய லூகாஸ் காயிலில் கூட்டல், கழித்தல் குறிகளுக்குப் பதில் ‘எஸ்.டபிள்யூ.’, ‘சி.பி.’ என்ற எழுத்துகள் இருக்கும். முன்னது சாவிக்கு, பின்னது பாயிண்ட்டுக்கு.

சோதனைக்கு ஒரு சாதாரணப் பென்சில் போதும். வயர் முனைக்கும் பிளக்குக்கும் நடுவே கூர்சீவிய பென்சில் ஈயத்தை நீட்டினால், துருவம் சரியாக இருக்கும்போது பொறி பிளக் பக்கமாக மலரும். வயர் பக்கம் மலர்ந்தால் காயிலின் இரு இணைப்புகளையும் மாற்ற வேண்டும்.

பக்கத்துக் குற்றவாளிகள்

காயில் செத்தது என்று கழற்றப்படுபவற்றில் பல சாகவில்லை. கண்டென்சர் குறைபட்டாலும் பொறி மெலியும். பாயிண்ட்டில் மிகையான தீப்பொறியும் ஒருபக்கம் மேடு, மறுபக்கம் குழியும் அதன் அடையாளம். அதன் அளவு சுமார் 0.2 மைக்ரோ ஃபாரட்; விலை காயிலோடு ஒப்பிட அற்பம். முதலில் அதை மாற்றிப் பார்ப்பதே சிக்கனம். பாயிண்ட் இடைவெளி அம்பாசடரில் 0.35 முதல் 0.40 மி.மீ.; இடைவெளி மாறினால் காயில் நிரம்பும் நேரமும் டைமிங்கும் சேர்ந்தே மாறும். மூடிக்குள் மயிரிழைக் கரிக்கோடு, தேய்ந்த நடுக் கார்பன், ரோட்டரின் நடுவில் துளைத்து அச்சுக்கு இறங்கும் பொறி ஆகியவையும் காயிலின் பெயரில் பழியேற்க வைப்பவை. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தகட்டை உடலோடு இணைக்கும் சிறு துணிக்காப்பு வயர் அறுந்தும் ஒட்டியும் இருந்தால் எந்தப் பட்டறையும் அலைக்கழியும்.

எச்சரிக்கை

இந்த மின்னழுத்தம் உதறும். இதயமுடுக்கி பொருத்தியவர் ஓடும் இஞ்சினின் பற்றவைப்புப் பக்கம் குனியவே கூடாது. பெட்ரோல் கசிவோ கேஸ் வாடையோ இருக்கும் இடத்தில் பொறிச் சோதனை இல்லை. எலெக்ட்ரானிக் அமைப்புள்ள பிற்கால வண்டிகளில், கார்புரேட்டர் கால மாருதிகளில் பிந்தியவை உட்பட, ஓடும்போது வயரைப் பிரிப்பது மாட்யூலை எரிக்கக்கூடும். அங்கே சோதனைப் பிளக் மட்டுமே. ஒரு காயில் இரு பிளக்குக்குப் பொறி தரும் அமைப்புகளில் இரண்டாம் சுற்றைக் கோபுரத்துக்குக் கோபுரம் அளக்க வேண்டும்.

இன்றைய நிலை

15 ஆண்டு கடந்த வண்டிகள் தில்லிச் சாலைகளில் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 நவம்பரில் ஆணையிட்டது; பெட்ரோல் வண்டிகளுக்கு அந்த வரம்பை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. பாயிண்ட் வைத்த கார்கள் அத்துடன் அன்றாடத் தெருவிலிருந்து பெரும்பாலும் விலகின. முதல் பதிவுக்குப் பின் 50 ஆண்டு கடந்து, பெரிதாக மாற்றப்படாத கார்களுக்கு 2021இல் மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் பதிவு சேர்க்கப்பட்டது. கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே அவை சாலைக்கு வரலாம். ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் 1964இல் தொடங்கிய விண்டேஜ் கார் அணிவகுப்பு தில்லியில் இவ்வண்டிகளின் பெரிய நாள்.

நாள்தோறும் ஓடிய வண்டியின் வயர் சூட்டிலும் எண்ணெயிலும் கெட்டது. மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் வயர் எலியாலும் ஈரத்தாலும் முனைத் துருவாலும் கெடுகிறது. நிற்கும் காரை எழுப்புமுன் பாயிண்ட்டின் முகத்தைத் தேய்த்துத் துடைப்பது, வயர் முனைகளைக் கழற்றி மாட்டுவது, காயில் தடையை அளப்பது ஆகியவை ஒரு மணிக்குள் முடியும் வேலை. அளந்த எண்களோடு அன்றைய வெப்பநிலையையும் எழுதி வைக்க வேண்டும். ஜனவரியில் எடுத்த 3.1 ஓமும் ஜூனில் எடுத்த 3.5 ஓமும் ஒரே காயிலின் ஒரே நலத்தைச் சொல்லும் எண்களாக இருக்கலாம்.